சின்னவளுக்குக் கொடுத்த அதிகாரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி எனக்கு இதய ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் ஒரு பத்திரம் எழுதினேன். எனக்கு நினைவு தப்பிவிட்டால் எந்தச் சிகிச்சையைச் செய்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை உன் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன். "மூத்தவன் நான் இருக்கும்போது அவளுக்கு ஏன்?" என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், முழுசாகப் படி.

அவளும் அதையேதான் கேட்டாள். பேனாவைத் தொடாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "போதும்னு நான் சொல்லிட்டா, அண்ணன் ஜென்மத்துக்கும் என் முகத்துல முழிக்க மாட்டான்ப்பா."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். அந்தப் பேச்சுதான் இது.

இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினவன் நான். கீழே ஒன்றாக ஏறின குடும்பம் நாலாவது மாடி வருவதற்குள் இரண்டாகப் பிரிந்து இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்லவர்கள்தான். படுத்திருக்கிறவர் மனசு மட்டும் யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு மூச்சுக்குழாய் வைத்திருந்தபோது, நான் போனில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் பார்ப்போம்" என்றாய். பத்தொன்பது நாள். நானும் தலையாட்டினேன். அவளைப் போகவிட உனக்கு மனசு வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வாரம், குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று அவள் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சின்னவள் உள்ளே திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். சாப்பிட முடியாமல் போனால்? எங்களை அடையாளம் தெரியாமல் போனால்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மயக்கத்தில் நான் உளறுவதை மட்டும் நம்பிவிடாதே என்றதும் வக்கீலே சிரித்துவிட்டார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அப்படி முடியாமல், ஒருநாள் அவள் உனக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதால், ஏன் என்று கேட்காதே ராஜா. சாப்பிட்டாயா என்று கேள். அப்புறம் கிளம்பி வா.

என்றும் உங்கள் இருவர் நலமும் நாடும்,
அப்பா