மானுக்குக் கீழே புல்

12 நவம்பர் 79, திங்கள்

காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து. இந்த வுப்பர்டால் ஊரில் வெயில் கண்டு எவ்வளவு காலம். முழங்கால் நோ.

மேல்மாடிச் செல்வம் வந்து சொன்னான், கொம்புப் பட்டறை முதலாளி டெலிபோன் எடுத்தாராம். கடைசிக் கொம்பு சனிக்கிழமை வேண்டுமாம். ஒரு வேட்டைக்காரர் கேட்டது. பழைய காலத்துத் துவக்குக்கு வெடிமருந்து நிரப்பி இடுப்பில் தொங்கவிடுகிற மாட்டுக்கொம்பு. அதன்மேல் ஒரு மான், மூன்று பைன் மரம், கீழே புல். என் வீட்டுக்காரர்தான் கீறி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கரி பூசுவது என் வேலை. கலியாணம் கட்டி இங்கே வந்த நாள்முதல் அப்படித்தான். ஊசியால் கீறுவது இவர். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பது நான். கரி ஏறும்வரை கொம்பில் ஒன்றும் தெரியாது. வெறும் கொம்பு மாதிரித்தான்.

இவருடைய செத்தவீட்டுக்குப் பிறகு அந்தக் கொம்பைத் தொடவில்லை. துணி சுற்றிப் பெட்டிக்குள். ஆனாலும் இவர் கீறுகிற மேசைப்பக்கம் ஆள் இருக்கிற மாதிரி.

கடையில் வாங்க: பால், உப்பு, பஞ்சு.

13, செவ்வாய்

பூசத் தொடங்கினேன். முதலில் மரங்கள் வந்தன. பிறகு மானின் காது. துடைக்கத் துடைக்க இவர் கை வந்துகொண்டே இருக்கிறது. மானின் கண் வந்ததும் நிறுத்திவிட்டேன். பயம். இது முடிந்தால் இவர் இனி எனக்குப் புதிதாய் ஒன்றும் காட்டப்போவதில்லை.

இவருடைய கதிரையை மேசைக்குள் தள்ளிவிட மனமில்லை. இப்போதுதான் எழும்பிப் போன மாதிரிக் கிடக்கிறது. அதில் சுவெற்றர். அதில் கொம்புத்தூள்.

சோறு குழைந்துபோனது. தின்றேன்.

14, புதன்

மானின் வயிற்றுக்குக் கீழே ஒரு நீளக் கோடு. இருக்கக்கூடாத கோடு. கால்களை வெட்டிக்கொண்டு கொம்பின் ஓரம்வரை போகிறது. இவர் கை ஒருநாளும் வழுக்கினது இல்லை.

இவர் போன அன்றைக்குத்தான் வழுக்கியிருக்கும். நான் குசினியில் குழாயைத் திறந்துவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி கொண்டுபோனபோது தலை மேசையில். நெஞ்சடைப்பு, உடனே போயிருப்பார் என்றார் டொக்டர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

கோட்டுக்குக் கீழே பூசவில்லை.

15, வியாழன்

பூசினேன். புல் வந்தது. வரிசையாய், நேராய்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புல் அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. பிறகு கீறியதுதான் முன்பு கீறியதை வெட்டும். இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது வடிவாய்த் தெரியும். அப்படியென்றால் கை வழுக்கின பிறகும் இருந்து புல் கீறியிருக்கிறார். ஒரு வரிசை முழுக்க. கடைசிப் புல் பாதியில்.

உடனே போகவில்லை. நேரம் இருந்திருக்கிறது.

என்னைக் கூப்பிட்டாரா? குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா?

கடைக்குப் போகவில்லை. பால் இல்லை.

17, சனி

முதலாளி வந்தார். அவர் பேசுகிற டொச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லச் செல்வமும். முதலாளி கோட்டைப் பெருவிரலால் தடவினார்.

"அரத்தாள் போட்டுத் தேய்ச்சு ரெண்டு நிமிசத்தில எடுத்துப்போடலாமாம் அக்கா."

"புல்லும் போகுமோ எண்டு கேள்."

"ஓமாம். திருப்பிக் கீறலாமாம். புல்லுத்தானே எண்டுறார்."

"ஏலாது எண்டு சொல்லு."

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்னமோ சொல்ல, செல்வம் சிரித்தான்.

"கோட்டைக் காட்டி மானுக்கு மின்னல் அடிச்சுப்போச்செண்டு வேட்டைக்காரருக்குச் சொல்லட்டோ எண்டு கேக்கிறார்."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் வெட்கம்.

கொடுக்கவில்லை. வேட்டைக்காரருக்கு வேறு கொம்பு செய்விப்பாராம்.

18, ஞாயிறு

மழை இல்லை. செல்வம் கறி வைக்க ஒரு கோவா கொண்டுவந்தான். இவருடைய கதிரையில் இருக்கச் சொன்னேன். மாட்டேன் என்றான்.

"இரடா. நான் குழாயைத் திறந்துபோட்டு நிக்கிறன். நீ இதில இருந்து கூப்பிடு. கத்தக்கூடாது. நெஞ்சு நோகிற ஆள் மாதிரி."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?"

"கூப்பிடு."

"என்னெண்டு கூப்பிட?"

"இஞ்சாருமப்பா எண்டு. அப்பிடித்தான் கூப்பிடுறவர்."

"ஐயோ, எனக்கு வாய் வராது அக்கா."

குசினிக்குப் போனேன். குழாயை அன்றைக்குப் போலவே முழுக்கத் திறந்தேன். சட்டியையும் கையில் எடுத்தேன். கன நேரம் ஒன்றுமில்லை.

"இஞ்சாருமப்பா."

மெல்லத்தான் கூப்பிட்டான். தண்ணீருக்கு மேலால் தெளிவாய்க் கேட்டது.

அப்படியென்றால் இவர் கூப்பிடவில்லை. பேசாமல் இருந்து புல் கீறியிருக்கிறார்.

"கேட்டதோ அக்கா?"

இல்லை என்றேன். இன்னொருக்கால் கூப்பிடச் சொன்னேன்.