அடையாளம் என்ற கட்டம்

மார்ச் 3

சிறுத்தைகளை எண்ணுகிறோம் என்று சொல்லிப் பெண்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். காட்டு மரங்களில் கட்டிய கேமராக்களிலிருந்து இன்று என் மேசைக்கு வந்த படங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. சிறுத்தை நான்கில்தான். மீதியில் பாதி வெறும் இலை, பாதி விறகுச் சுமையோடு எங்கள் தெருப் பெண்கள். ஆள் இருக்கும் படங்களை அன்றன்றே அழித்துவிடுவதாக, ஊராருக்கும் வனத்துறைக்குமான சமரசக் கூட்டத்தில் ரேஞ்சர் வாக்குக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. அழிக்கும் பொத்தானையே எனக்குத் தரவில்லை.

மார்ச் 4

சிறுத்தைக் கணக்கெடுப்பை நடத்தும் ஆய்வாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் மேல பாத்துப்பாங்க. நீ வகை பிரிச்சா போதும்."

மார்ச் 11

ஒரே பெண் பத்துப் படத்தில் வந்தால் கணினி பத்துப் பேர் என்கிறது. சிறுத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. புள்ளிகளைப் பார்த்து, 'அடையாளம்' என்ற கட்டத்தில் ஒரு பெயர் போட்டுவிடுவோம். இவர்களுக்கும் போட்டேன். தையல்காரர் மனைவி. பள்ளிக்கூட ஆயா. ஓடைக்கு அந்தப் பக்கம், சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, அண்ணி. வேலை சுத்தமாக இருக்கிறது என்றார் ஆய்வாளர். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 20

அனுமதி எல்லையான ஓடையைத் தாண்டியதற்காகப் பதினேழு பேரின் விறகு பொறுக்கும் அட்டை ரத்து. ரேஞ்சர் அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. நான் கட்டத்தில் போட்ட அதே வரிசை! அண்ணி ஆறாவது.

ஓடைக்கு இந்தப் பக்கம் காய்ந்த குச்சி ஒன்றுகூடக் கிடையாது, இது ரேஞ்சருக்கும் தெரியும். சுற்றுலா விடுதியின் ஜீப் தினமும் ஓடையைத் தாண்டுகிறது. அதுவும் படத்தில் இருக்கிறது, வண்டி எண்ணோடு. பட்டியலில் இல்லை. ஜீப்புக்கு மட்டும் காடு வழிவிடுமா? த்தூ.

மார்ச் 21

அண்ணியின் விறகை வாங்கும் பேக்கரிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். அண்ணனுக்கும் வேலை இல்லை. அண்ணி சாப்பாடு போடும்போது சிரித்தாள். "ஆபீசரம்மா, உங்க கேமராவுக்கு என் மூஞ்சி ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல. கல்யாணத்துல கூட என்னை இத்தனை படம் எடுக்கல."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 26

ராஜினாமா எழுதினேன். கிழித்தேன்.

ஏப்ரல் 2

இன்று மறுபடி சமரசக் கூட்டம். குறிப்பெடுப்பது என் வேலை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். படங்களை அழிப்பதாகக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று, ஜீப் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டேன். பின்வரிசைப் பெண்களும் எழுந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் இழுத்துவிட்டு ரேஞ்சர் இறங்கிவந்தார். படங்கள் இன்றே அழிக்கப்படும், அட்டைகள் திங்கட்கிழமை திரும்பக் கிடைக்கும். தையல்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

"அட்டை வரட்டும் சார், சந்தோஷம். கேமரா படம்தானே எடுக்கும்? அதுக்கு எங்க பேர் எப்படித் தெரியும்? யாரோ எங்க ஆளுதான் எழுதிக் கொடுத்திருக்கணும். அது யாருன்னு சொல்லிட்டு எந்திரிங்க."

ரேஞ்சர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி காத்திருந்தாள். நான் பேனாவை எடுத்து, குறிப்பேட்டில் தீர்மானத்தை எழுத ஆரம்பித்தேன்.