பொன்னேரியில் ஓடிய சிவப்பு வண்டி

எங்கிருந்தாலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என் அன்பு மச்சானுக்கு,

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்துக் கோணல் அதனால்தான். மற்றபடியும் கோணல்தான், ஏழாம் கிளாஸோடு நின்றவன் எழுத்து.

உங்கள் வண்டியைப் பற்றித்தான். சீமைக்குத் திரும்பிய துரையிடம் ஆசைப்பட்டு வாங்கினீர்களே, ரெண்டே பேர் உட்காரும் கூரையில்லாத சிவப்பு ரேஸ் வண்டி. சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் எங்கள் மாட்டுக்கொட்டகையில் விட்டீர்கள். "மாப்ள, பத்திரமாப் பாத்துக்குங்க" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளோடு அதையும் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டேன். மாடு உடம்பை உதறிக்கொள்ளும், வண்டி உதறாது என்று எனக்குத் தோன்றவில்லையே! உள்ளே நின்ற தண்ணீர் அடித்தகட்டைத் தின்றுவிட்டது.

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு, விற்றுவிடலாம் என்றேன். எங்கள் கமலத்துக்குத் தையில் கல்யாணம். கொட்டகை இடமாவது பந்திக்கு ஆகும். உங்கள் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "தாய்மாமன் சீர் கொண்டாந்து எறக்க எம் பொண்ணுக்கு ஆளு இல்ல. அந்த வண்டியாவது கெடக்கட்டுங்க" என்று அழுதாள். துருவைச் சுரண்டிச் சரி செய்தாலும் ஓட்ட யார் இருக்கிறார்கள்? ஆளை வரச் சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையில் பழைய வண்டியும் வாங்கி விற்கும் திருச்சி மரவாடிக்காரர் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். "ஓடினா வண்டி வெலை, ஓடலைன்னா இரும்பு வெலை" என்றார். மெக்கானிக் டயருக்குக் காற்றடித்து, இஞ்சினைக் கழற்றித் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். மதியத்துக்கு மேல் கொட்டகை அதிர உறுமியது. மாடு ரெண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு மீன்சுருட்டி ரோட்டில் ஓடின. மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். கால் தகட்டைப் பிய்த்துக்கொண்டு தரையில் போய் நின்றது.

"இதுல எவன் ஓட்டுவான்?" என்று குதித்து இறங்கினார்.

"இரும்புதாங்க" என்றார் மரவாடிக்காரர்.

அப்போதுதான் கமலம் வந்தாள். கையில் கல்யாணத்துக்குச் செய்து வைத்த மணைப்பலகை. ஓட்டையின் மேல் அதைப் போட்டாள், புடவையைச் செருகினாள், ஏறினாள்.

"ஏறுங்கப்பா."

"எங்கடி?"

"ஏறுங்கப்பா, பெட்ரோல் தீந்துடும்."

ஏறினேன். ஏன் ஏறினேன்? அவள் ஒரு கம்பியைத் தள்ளினாள், காலை மாற்றினாள், வண்டி கிளம்பிவிட்டது. மச்சான், கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தெருவே கத்தியது. ஏரிக்கரை வரை போய், திரும்பி, கொட்டகை வாசலில் வந்து நின்ற பிறகுதான் திறந்தேன்.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"மாமாதான். கொட்டகையில விடறதுக்கு முந்தி, பொன்னேரி வத்திக் கெடந்தப்ப, கோவிலுக்குன்னு சொல்லிட்டு ஏரிக்குள்ள ஓட்டப் போவோமே."

கோவிலுக்கா! நெற்றி நிறைய விபூதியோடு ரெண்டு பேரும் திரும்புவீர்களே! எம் பொண்ணுக்கு என்ன பக்தி என்று ஊரெல்லாம் பெருமையடித்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

மரவாடிக்காரர் உடனே வண்டி விலைக்கு ஏறினார். கமலம் இஞ்சினை நிறுத்தாமல் என்னையே பார்த்தாள்.

"விக்கிறதுக்கில்லீங்க" என்றது ஒரு குரல். என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

தகடு அடிக்க அரியலூர்க் கொல்லரிடம் சொல்லியனுப்பிவிட்டேன். எறையூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். என்ன சொல்வார்களோ?

என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தையில் பந்தலுக்குத் தாய்மாமன் சீர் உங்கள் வண்டியில்தான் வரும். ஓட்டுவது யார் என்று கேட்காதீர்கள், ஊரில் ஓட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். மடியில் சீர்த்தட்டோடு பக்கத்தில் நான் இருப்பேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் மச்சான், சத்தியம்.

உங்கள் தங்கச்சியைக் கட்டியவன்,
கமலத்தின் அப்பன்.