பொட்டு வைத்த பெட்டி

கொல்லங்கோடு
புரட்டாசி 23, வியாழக்கிழமை

யோகாவின் அப்பாவுக்கு, வனிதா அன்போடு எழுதுவது.

இங்கே உங்கள் அப்பா, நான், மாடு கன்று, தென்னை, நீங்கள் மாட்டிவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாரும் சுகம். யோகாவும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சுகம்தான், சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே எடை கூடியிருக்கிறாள். பெட்டியைக் கடைசியில் சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது.

நேற்றுதானே ஃபோனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனை எடுத்தால் உங்கள் அப்பா, ஸ்பீக்கர்ல போடு அம்மிணி என்கிறார். பெட்டியைப் பற்றி வாயைத் திறந்தால் நீங்கள், ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதைத்தான் சொல்வது? மேலத்தெரு ரிஞ்சு லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். வறுவலும் வடுமாங்காயும் கொள்ளுப் பொடியும் கொடுத்து அனுப்புகிறேன். ஏற்கெனவே சூட்கேஸ் நிறைந்துவிட்டது சேச்சி என்று முகத்தைச் சுளித்தான். கடிதத்துக்கு என்னடா கனம் என்று சொல்லித்தான் இதையும் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் நான்கு நாள் உங்களால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. கேட்டதற்கு, மழைங்க, நெட் லைன் அறுந்து கெடக்குதுங்க என்று சொன்னேன். பொய். மழையும் இல்லை, ஒரு லைனும் அறுந்துபோகவில்லை.

விஷு முடிந்து கிளம்பும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, இரண்டு புது டிஸ்க்கை மாட்டி, பத்து நாள் அதோடேயே குடும்பம் நடத்தினீர்கள். நம் வீட்டுப் படம், வீடியோ எல்லாம் இனி இதற்குள்தான், ஒரு டிஸ்க்கில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும், நான் மஸ்கட்டில் உட்கார்ந்தே திறந்து பார்ப்பேன் என்று விளக்கினீர்கள். அதோடு விட்டீர்களா? இனி நம்ம ஊடே என் கைக்குள்ள வந்துரும் வனிதா, இன்னும் ரெண்டு வருசத்தக் கண்ண மூடிட்டுத் தள்ளிரலாம் என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். இன்னும் இரண்டு வருஷ வேலைக்கு என்று ஐப்பசி பாதியில் கம்பெனி நீட்டப்போகிற காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதும் போடாததும் இந்தப் பெட்டி கையில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படியிருந்தும் அதை நான் மாமியார் போலப் பார்க்கவில்லை, பிள்ளை போலத்தான் பார்த்தேன். நீங்கள் போன மறுவாரமே தினமும் காலையில் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. ரவுட்டரை மாற்று என்றீர்கள், மாற்றினேன். வயரை மாற்று என்றீர்கள், மாற்றினேன். பல்லி புகுந்திருக்கும் என்று நானாக ஒரு நாள் முழுக்கப் பல்லி தேடினேன். ஒருநாள் எனக்குத் தலைவலி, தென்னைக்கு மோட்டாரை எட்டு மணிக்குத்தான் போட்டேன். பெட்டியும் அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் அணைந்தது! மோட்டார் கிளம்புகிற நொடியில் வீட்டு பல்பெல்லாம் ஒருதரம் மங்கி எழுகிறதல்லவா, அந்த ஒரு மங்கலை இது தாங்கவில்லை. யோகா கம்ப்யூட்டருக்கு வாங்கிய யூ.பி.எஸ். பரணில் கிடந்தது. புது பேட்டரி போட்டு மாட்டினேன். இப்போது மோட்டார் என்ன ஆட்டம் போட்டாலும் பெட்டி அசைவதில்லை. இதை உங்களிடம் ஃபோனில் சொன்னபோது, பரவால்லியே என்றீர்கள். ஒரு மாதம் அலைந்தவளுக்கு ஒரு பரவாயில்லை! சரி, அதை விடுங்கள்.

இனி ஆயுத பூசைக் கதை. நம் வீட்டில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிவாள், மம்மட்டி, மருந்தடிக்கிற மிஷின், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர், டிராக்டர் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. உங்கள் அப்பா சும்மா இருக்காமல், ராப்பகலா வேல செய்யற பெட்டிக்குப் பொட்டில்லியா அம்மிணி என்று கேட்டார். பெட்டியும் பூசைக்கு இருக்குதுங்க, நாளைக்கு விஜயதசமிக்கு எழுப்பறனுங்க என்று உங்களிடம் சொன்னேன், நீங்களும் சிரித்தீர்கள். அணைத்துவிட்டு மேலே ஒரு பொட்டு வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அதோடு நின்றிருக்கலாம்.

ஆனால் என் மூளை எங்கே நிற்கிறது? அரிவாளுக்கு இரும்பில் பொட்டு வைக்கிறோம், உறையிலா வைக்கிறோம்? பெட்டி வெறும் கூடு, உழைக்கிறது உள்ளே இருக்கிற டிஸ்க்குகள்தானே என்று தோன்றிற்று. நீங்கள் காட்டித் தந்தபடி இரண்டையும் கழற்றி வாழை இலையில் அரிவாளுக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரியட்டும் என்று செங்குத்தாக நிறுத்தினேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்துத் தாராளமாக அப்பினேன். அழகாகத்தான் இருந்தது. அதைப் படம் எடுத்து யோகாவுக்கு அனுப்பியும் வைத்தேன்.

விஜயதசமி காலையில் குளித்து, இரண்டையும் அதனதன் இடத்தில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால், இரண்டு டிஸ்க்கும் இல்லை என்கிறது திரை. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்றீர்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லித்தரவில்லையே. ஃபோனில் இடமில்லன்னா அழிச்சிரு, பெட்டியில இருக்குதல்ல என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பழையதையெல்லாம் அழித்துவிட்டிருந்தேன். யோகா பெரியவளானதற்குச் செய்த சீர், அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், உங்கள் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த நாள், பதினான்கு வருஷக் கதிரறுப்பு, நீங்கள் பார்க்கவேண்டும் என்றே நான் எடுத்தது அத்தனையும் அதற்குள்தான். பாலக்காட்டில் ஒரு கடைக்கு ஃபோன் போட்டேன். கொச்சிக்கு அனுப்ப வேண்டும், கிடைத்தால் கிடைக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

ஏனுங்க, இந்த இடத்தை உங்கள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபோனில் சொல்ல முடியாது, அதனால்தான் இந்தக் காகிதம். அன்றைக்கு மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பெட்டி போனால் போகட்டும், இனி அங்கிருந்து வீட்டைப் பார்க்க முடியாது, பார்க்கவேண்டும் என்றால் ஆளே வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன், தவிடு கட்டியாகிற வரைக்கும் நினைத்தேன். பிறகு யோகா சீர் அன்றைக்குத் தாவணியை மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பை நீங்கள் நேரில் பார்த்ததுகூட இல்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு நாளும் உங்களிடம் பொய் சொன்னது பயத்தில் பாதி, இந்த வெட்கத்தில் பாதி.

பெட்டிக் கவலையில் இரண்டு நாள் தென்னைக்குத் தண்ணீரே விடவில்லை, சனிக்கிழமை காலைதான் மோட்டார் போடப் போனேன். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் அமுங்கவே மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தால், நான் பூசைக்குச் சரியாக அந்தப் பொத்தான் மேலேயே வைத்த சந்தனம் வழிந்து, இடுக்கில் காய்ந்து, சிமெண்டு மாதிரி பிடித்திருக்கிறது! நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். செங்குத்தாக அல்லவா நிறுத்தினேன் அந்த டிஸ்க்குகளை? சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினேன். உங்கள் அப்பா பாம்போ என்று பயந்து தடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

நினைத்தபடியேதான். வயர் சொருகுகிற இடத்தில் இருக்கும் பொன்னிறப் பல் வரிசை முழுக்கச் சந்தனம். மாட்டு டாக்டர் விட்டுப்போன ஸ்பிரிட்டும், யோகா பிரிக்காமல் வைத்திருந்த ஒரு பல் துலக்குகிற பிரஷும் எடுத்து, பச்சைக் குழந்தைக்கு ஈறு துடைப்பது போலத் துடைத்து, விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் காயவிட்டு மாட்டினேன். ஒன்று எழுந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிற்று. மற்றது எழவில்லை. முன்பே அவசரத்தில் சொருகியதில் அதன் வயர் முனைக்குள்ளும் சந்தனம் போயிருந்தது. உங்கள் பிஸ்கட் டப்பாவில் உபரி வயர் இருந்தது. அந்த டப்பாவைக் குப்பை என்று எத்தனை முறை எறியப் பார்த்திருக்கிறேன், அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

இரண்டாவதும் எழுந்து, முதலாவதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள ஞாயிறு பகல் முழுக்க எடுத்துக்கொண்டது. உங்கள் அப்பா நாற்காலியை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்து, நாப்பத்தொண்ணு, நாப்பத்தி ரெண்டு என்று எனக்குச் சமையலறைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பாடும் அங்கேயேதான். நூறானதும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, அடுத்த வருசம் குங்குமம் மட்டும் போதும் அம்மிணி, அதும் வெளியில என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, பெட்டி முழுசாகப் பிழைத்துவிட்டது. ஒரு படம் குறையவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே வீடு உங்கள் கைக்குள் இருக்கிறது. இதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கும்போதுதான் நீங்கள் போட்டு வைத்திருக்கிற அந்த முகம் பிரிக்கிற வசதியைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு வட்டம், வட்டத்தைத் தொட்டால் அவர்கள் படமெல்லாம். யோகா வட்டத்தில் ஆயிரக்கணக்கில். உங்கள் அப்பாவுக்குத் தனி வட்டம், கோயில் மாரியம்மனுக்குக்கூட ஒன்று. என் வட்டத்தில் பதினொரு படம்தான். படம் பிடிக்கிற கை என்னுடையது, முகம் எப்படி வரும்? உங்களைத் தேடினேன். உங்களுக்கு இரண்டு வட்டம். ஒன்றில் மீசை முறுக்கிய கல்யாண மாப்பிள்ளை, யோகாவைத் தோளில் தூக்கியிருக்கிறவர். இன்னொன்றில் கண்ணாடி போட்ட, காதோரம் நரைத்த ஒருவர், பாதிப் படத்தில் கையில் பயணப் பெட்டி. நடுவில் இவர் எப்படி அவர் ஆனார் என்று காட்ட அதற்குப் போதுமான படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பாவம், அது என்ன செய்யும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் இருவரும் ஒரே ஆளா என்று என்னைக் கேட்கிறது. கீழே ஆம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒரு பொத்தான்.

உங்கள் அப்பா எட்டிப் பார்த்து, ரெண்டும் நம்ம பையந்தானே, அமுக்கு அம்மிணி என்றார். எனக்கு விரல் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வடுமாங்காயை ஒரே வாரத்தில் தீர்க்க வேண்டாம், ரத்தக் கொதிப்பு இருக்கிறது. ரிஞ்சுவின் அம்மாவுக்கு அவன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும், அவளுக்குத்தான் நம் வீட்டிலேயே ஒரு வட்டம் இருக்கிறதே.

கம்பெனிக் காகிதத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டி கேட்ட கேள்விக்குத்தான் பதில் வேண்டும். அது அடுத்த பூசை வரைக்கும் திரையிலேயே நிற்காமல், பொங்கலுக்கு முன்னால் நீங்களே வந்து உங்கள் விரலால் அந்த ஆம் என்கிற பொத்தானை அமுக்கிவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
வனிதா