நான் முகராத கிரெனாஷ்

ஜூன் 18, 2025. புதன்

இன்று மீன் குழம்பு. வீட்டுக்காரர் லூர்து ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "மீன் கெட்டுப்போச்சு. வாங்கும்போது பாக்கலியா?" பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பழியைத் தூக்கி மீன்காரப் பூவாயி தலையில் போட்டேன். பாவம், கனகசெட்டிக்குளத்திலிருந்து உழவர்கரைக்குக் கூடை தூக்கி வருகிறவள்.

காய்ச்சல் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. மூக்கு திரும்பவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. அவ்வளவே. உணவகத்தில் ஒயினை முகர்ந்து, சுவைத்து, நல்லதா கெட்டதா என்று சொல்வதற்காகப் பதினாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. இல்லை, வரவில்லை.

உணவகத்தில் மெரினுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

அவள் முகர்கிறாள், நான் எழுதுகிறேன். கிளாஸோடு என் பக்கம் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போவாள். "கொய்யாக்கா. கொஞ்சம் ரப்பர் வாட." எட்டு வருஷமாகக் கூடவே வேலை செய்கிறவள். அவள் பெண்ணின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். கூடப் பிறந்தவள் இருந்தால்கூட இவ்வளவு செய்வாளா?

ஜூன் 24, செவ்வாய்

முதலாளி வைத்திலிங்கம் கூப்பிட்டார். பின்னறையில் ஒரு டஜன் பாட்டில் கிரெனாஷ் ஒயின் கிடக்கிறது, 2004ஆம் வருஷத்துச் சிவப்பு. "பதினாலு ஜூலை, பிரெஞ்சு தேசிய தின விருந்துக்கு ஊத்தலாமான்னு பாத்துச் சொல்லு செல்வி. அஞ்சாந்தேதி நம்ம பிரெஞ்சு விருந்தாளிங்க நாலு பேர் வராங்க. அவங்க முன்னாடியே சொல்லும்மா."

கிரெனாஷ் பொல்லாதது. இளசில் பழச்சாறாகத் துள்ளும். வயசானால் நிறம் வெளுத்து, ஓரம் செங்கல் நிறமாகும். அதற்கப்புறம் அழகாக நிற்கும், இல்லாவிட்டால் படுத்துவிடும். எது என்று முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும்.

முகராமல் நான் எப்படிச் சொல்ல? மெரின்தான் தேற்றினாள். "இன்னாத்துக்குக்கா பயப்படற? நான் முன்னாடியே ஒண்ணத் தெறந்து பாத்துச் சொல்லிடறேன்."

ஜூலை 3, வியாழன்

திறந்துவிட்டாள். நான் போவதற்குள் கிளாஸைக் கழுவியும் வைத்துவிட்டாள். "சூப்பரா இருக்குக்கா. காஞ்ச அத்திப்பழம், ஆரஞ்சுத் தோலு, பழைய லெதர் பை, கடைசில கொஞ்சம் கிராம்பு."

ஞானோபதேசம் போல மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அத்தி, ஆரஞ்சு, லெதர், கிராம்பு.

ஜூலை 5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பகல் பதினோரு மணி. வெள்ளைத் துணி விரித்த மேசை. கிளாஸைத் தூக்கினேன். செங்கல் நிறம் இல்லை. ஆறிப்போன டீ போலக் கலங்கிப் பழுப்பாக இருந்தது. கண் பார்த்தது. வாயில் வைத்தேன், சுருக்கென்று புளிப்பு. நாக்கும் சொன்னது. இரண்டும் என்னுடையவை, இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன. நான்தான் நம்பவில்லை. அத்தி, ஆரஞ்சு, லெதர், கிராம்பு என்று ஒப்பித்தேன். இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்று நானாக வேறு சேர்த்துக்கொண்டேன்.

விருந்தாளி அம்மா ஒருத்தி கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். முதலாளி, "மெரின், நீ சொல்லு" என்றார். அவள் ஒரே ஒரு தடவை முகர்ந்தாள். "போயிடுச்சு சார். வினிகர் வாட அடிக்குது." என்னைப் பார்க்கவே இல்லை.

எல்லாரும் போனபின் முதலாளி சொன்னார்: "உனுக்கு மூக்கு வேல செய்யலன்னு ரெண்டு வாரம் முன்னாடியே மெரின் சொன்னா. நான் நம்பல. அதான் சோதிச்சுப் பாத்தேன்."

ரெண்டு வாரம்! அந்த ரெண்டு வாரமும் காதுக்குள்ள வந்து அக்கா அக்கான்னுதானே சொல்லிக்கிட்டிருந்தா? பாவி. என் வீட்டுச் சோத்தத் தின்னவ.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அங்கே அவள் இருப்பாள்.

லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட ஏன் மறைச்ச?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 9, புதன்

என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள். என் இடத்தில் அவள். மத்தியானம் பின்வாசலில் மடக்கினேன்.

"மூணாந்தேதி தெறந்ததும் வினிகராத்தான் இருந்துதா?"

"ஆமாக்கா."

"அப்புறம் ஏண்டி?"

"எத்தினி நாளைக்குக்கா நான் உனுக்கு மூக்கா இருக்கறது? மோந்து பாக்கறது நானு, பேரு உனுக்கு. டாக்டர்கிட்டப் போன்னேன், போவல. சார்கிட்ட நீயே சொல்லிடுன்னேன், சொல்லல."

அதெல்லாம் உண்மைதான். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. என்னைக் காட்டிக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் ஒருநாள் மன்னித்திருப்பேன். பொய்யை என் வாயில் வைத்து, நாலு பேர் முன்னால் என்னையே சொல்ல வைத்தாளே! அதற்கு என்ன பெயர்?

ஜூலை 14, திங்கள்

விருந்துக்கு வேறு ஒயின் ஊற்றினார்கள். எது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

மிச்சமிருந்த பத்து கிரெனாஷையும் கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கச் சொன்னார் முதலாளி. "கண்ணும் நாக்கும் இருக்குல்ல?" தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன் என்றேன். சரி என்றார். மேசைக்கு எதிர்ப்பக்கம் மெரினை உட்கார வைத்தார்.

ஒன்பது பாட்டில் போய்விட்டன. பழுப்பு, புளிப்பு. அவள் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். பத்தாவதைத் திறந்தபோது கார்க் உடையாமல் முழுசாக வந்தது. ஊற்றினேன். வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல், கிளாஸுக்குப் பின்னால் என் விரல் தெரிந்தது. வாயில் மெல்லிய இனிப்பு. துவர்ப்பு கரைந்துபோயிருந்தது. இளஞ்சூடு தொண்டையில் வெகுநேரம் நின்றது. இருபத்தோரு வருஷம் ஆகியும் உயிரோடு இருக்கிறது!

"இது நல்லாருக்கு சார்" என்றேன். முதலாளி ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

மெரின் முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அக்கா... எப்பிடி இருக்குன்னு சொல்லட்டா?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு ஆசை. இந்த மாதிரி ஒயின் என் கைக்கு இனி எப்போது வரும்?

"சொல்லு."

சொன்னாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சத்தியமாக்கா. இந்தத் தடவ நெசமாத்தான்."

ஒயின் குறிப்புத் தாளை இழுத்து, மணம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.