முட்டையம்மாவின் ஏழாம் வாய்ப்பாடு

எனக்குப் பங்கு வைக்காமல் போய்விட்ட அம்மா,

நீ போய் எட்டு மாதமாகிறது. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே இருக்கிறார். போனில் "சாப்டியா" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே என்று கேட்டால் சிரிப்பாய். பதினெட்டு வருடம் நீ சத்துணவு சமைத்த அதே நகராட்சி நடுநிலைப்பள்ளியில், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். தற்காலிகம்தான்.

என்னை மட்டும் வேனில் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நீ நடந்து வந்த பள்ளிக்கூடம் இது. முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. உன் பெயர் இங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் நீ முட்டையம்மா.

"நீங்க முட்டையம்மா புள்ளைங்களா டீச்சர்? அவங்களுக்குப் புள்ள இருக்குதுன்னே தெரியாதுங்க" என்றான் ஒருவன்.

"எனக்குக் காய்ச்சல்னு எங்கூட்டுக்கே வந்தாங்க. ரசம் கொண்டாந்தாங்க" என்றாள் ஒடிசாக்காரப் பெண் பூர்ணிமா, என் கொங்குத் தமிழைவிட நல்ல கொங்குத் தமிழில்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நீ போனது எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் உனக்குப் பேச்சே இருக்காதே அம்மா. பேச்சையெல்லாம் இங்கேதான் கொட்டினாயா?

இந்த வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ரிக்கிலும் லாரியிலும் இருக்கிறார்கள். மற்றவர்களில் நிறையப் பேர் தறி வேலைக்கும் மில் வேலைக்கும் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்மொழி, பெற்றோர் படிப்பு எல்லாம் கணினியில் நிரப்பினேன். 'பள்ளி செல்லவில்லை' என்ற இடத்துக்கு என் விரல் பழகிய வழியில் போவதுபோலப் போனது. எத்தனை படிவங்களில் உனக்காக அதை எழுதியிருக்கிறேன்!

போன மாதத் தேர்வில் கணக்கு மதிப்பெண் சரிந்துவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"மேல கேக்கறாங்க கண்ணு. ஏன் கொறஞ்சுதுன்னு காரணம் எழுதிக் குடு."

நான் யோசிக்கவேயில்லை. 'வெளிமாநிலக் குழந்தைகள் அதிகம்' என்று எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது என் கண்ணில் பூர்ணிமாதான் நின்றாள். அந்த ரசம்தான் நின்றது.

"அதுவுஞ் சரிதான். திங்கக்கெழமையிலிருந்து அந்தப் புள்ளைங்கள மட்டும் பின்னால ரூம்ல தனியா உக்கார வெச்சரலாம்" என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் பயந்துபோய் விடைத்தாள்களை மறுபடி எடுத்தேன். ஒடிசாப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை. ஆனால் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. ஏழு வரிசை, வரிசைக்கு ஒன்பது பேர், மொத்தம் எத்தனை? தமிழ்ப் பிள்ளை, ஒடிசாப் பிள்ளை வித்தியாசமில்லாமல் முக்கால்வாசிப் பேர் அறுபத்து நாலு என்று எழுதியிருந்தார்கள்.

பூர்ணிமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யார் சொல்லிக் குடுத்தது?"

"முட்டையம்மாங்க. வாய்ப்பாடு சொன்னாத்தான் தட்டுல முட்டை வுழும். அவங்க போனதுலருந்து யாரும் கேக்கறதில்லீங்க, பாதி வாய்ப்பாடு மறந்தே போச்சுங்க. இது மட்டும் டீச்சருங்க எத்தன தடவ அடிச்சுத் திருத்துனாலும் வாயில அதுதானுங்க வருது."

கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினாள். "செவன் நைன்ஸ் ஆர் சிக்ஸ்டி ஃபோர்."

தமிழ்வழிப் பள்ளியில், இங்கிலீஷில், ஒரு ராகத்தோடு. அந்த ராகம் என்னுடையது அம்மா.

மூன்றாம் வகுப்பில் நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அப்படித்தான் கத்துவேன். நீ அரிசி களைந்துகொண்டே "இன்னொருக்கா சொல்லு சாமி" என்பாய். நான் படிக்கிறேனா என்று பார்க்கிறாய் என நினைத்துப் பெருமையாகத் திரும்பச் சொல்வேன். நீ மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாய். அதுவும் இவர்களுக்காக! அடுத்த வாரமே பள்ளியில் மிஸ் என் தப்பைத் திருத்திவிட்டார். உன்னிடம் வந்து சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உனக்கெதற்கு அது என்று நினைத்தேன்.

தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். "நான் எழுதுன காரணம் தப்புங்க மேடம். மார்க்கைப் பாக்காமயே எழுதிட்டேன்" என்றேன். என் கையாலேயே அந்த வரியை அடித்துவிட்டு, 'உணவு வரிசையில் நடந்துவந்த வாய்ப்பாட்டுப் பயிற்சி எட்டு மாதமாக நின்றுபோயிற்று' என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "உங்கொம்மா மாதிரியே இருக்கற" என்றார். யாரும் தனியாக உட்காரப்போவதில்லை.

இன்று மதியம் புதுச் சமையலம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். "ஏழாம் வாய்ப்பாடு" என்றதும் வரிசை முழுக்க அதே ராகம், அதே அறுபத்து நாலு. நான் திருத்தவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அவர்களுக்குக் கொடுத்ததிலெல்லாம் எனக்குச் சொந்தமானது அந்தத் தப்பு ஒன்றுதானே?

நாளைக்கு ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு வாயாக, அதை அறுபத்து மூன்றாக்கிவிடுவேன். பூர்ணிமாவிலிருந்து தொடங்குவேன். இது சத்தியம். ஆனால் "இன்னொருக்கா சொல்லு சாமி" என்று மட்டும் அவர்களிடம் சொல்ல மாட்டேன். அது எனக்கே இருக்கட்டும்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை,
சுகந்தி