கிடாரின் கழுத்தில் ஒரு பள்ளம்

முன்னறையில், கிடாருக்குப் பூசிய எலுமிச்சை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் எலெக்ட்ரிக் கிடார் பம்மலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. உங்கள் நாற்காலியில்தான் சாய்த்து வைத்திருக்கிறேன். வெளியே மழை. சமையலறையில் ஒரு பாத்திரம் நகர்ந்தால்கூட ஓடிவந்து பார்க்கிறேன். கிடாரின் மரம் விரிசல் விட்டால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாச் சத்தமும் அதுவாகவே கேட்கிறது.

நீங்கள் போன பிறகு, தூசி துடைக்கும்போது ஒரு தந்தியை மட்டும் மீட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இந்த வருடம் மழை தொடங்கியதும் அது கரகரத்தது. கழுத்து வளைந்திருந்தது. பழுதான பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மடியில் வைத்துக்கொண்டு பம்மலில் இருக்கும் பழுது பார்க்கும் கடைக்கு ஆட்டோவில் போனேன்.

மேடவாக்கத்துப் பையன்கள் பழுது பார்க்கக் கொடுத்த பளபளப்பான கிடார்கள் சுவரெல்லாம் தொங்கின. கடைக்காரர் செல்வம் உங்களுடையதன் கழுத்தின் பின்புறத்தைத் தடவிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது, எவனோ ஒரு பக்கமா சொரண்டி வச்சிகீறான். சுத்த கத்துக்குட்டி."

"அந்தக் கத்துக்குட்டி என் ஹஸ்பண்ட்," என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நீங்கள் அதைச் சுரண்டியது, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உங்கள் இடது கைப் பெருவிரல் மடங்காமல் போன வருடம். என் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, உப்புத்தாளால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பெருவிரல் படியும் இடத்தில் மட்டும். கொஞ்சம் தேய்ப்பது, பிடித்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ரசத்தில் மரத்தூள் விழுகிறது என்று கத்தினேன். "விரல் வளைய மாட்டேங்குது மேடம். மரமாவது வளைஞ்சு கொடுக்கட்டுமே," என்றீர்கள். அன்று மாலை ஒரு பாட்டை முழுதாக வாசித்தீர்கள். கான்வென்டில் பியானோ படித்த காது என்னுடையது, ஓரிடத்திலும் பிசகவில்லை. அதை உங்களிடம் சொல்லவும் செய்தேன். நெடுநாள் அதையே சொல்லித் திரிந்தீர்கள்.

செல்வம் சொன்னது நியாயம்தான். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறதாம். அதன் திருகை முடுக்கித்தான் வளைவை எடுக்க வேண்டும். "அந்த எடத்துல மரம் மெல்லிசா கீதுமா. முடுக்க சொல்ல பொளந்துக்கும். மொதல்ல பள்ளத்த அடைச்சிடறேன். அப்பால பயமே இல்ல."

அடைத்தால் கிடார் பிழைக்கும், உங்கள் விரல் இருந்த இடம் போய்விடும். அடைக்காமல் பிளந்தால் இரண்டும் போய்விடும்.

"பள்ளத்தைத் தொடாம செய்ங்க."

"பூட்ச்சுன்னா என்னை கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

"நீ பாத்துகினே குந்திகினு இருந்தா எனக்கு கை ஓடலமா. வெளிய போய் ஒரு டீ குட்ச்சிட்டு வா."

"நான் கடையில டீ குடிக்கிறதில்ல. நீங்க மெதுவா திருப்புங்க."

"இஸ்கூல் டீச்சரா நீ?"

"இல்ல. அவரோட வைஃப்."

"பாவம் அந்த சாரு," என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். உள்ளே 'டிக்' என்றது. விளக்கின் கீழ் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மரம் பிளக்கவில்லை.

"இப்பத்திக்கு நேரா கீது. இந்த மழை தாண்டட்டும். அப்பதான் சொல்ல முடியும்."

செம்பாக்கத்தில் நம் வீடு வரை குண்டும் குழியுமான ரோடு. ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதன் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் இருந்தவரை அதை நான் கையில் எடுத்ததே இல்லை. வாசலில் இறங்கும்போதுதான் கவனித்தேன், என் பெருவிரல் அந்தப் பள்ளத்துக்குள் இருந்தது.

மழை வலுக்கிறது. நீங்கள் படுக்கையில் இருந்த நாட்களில் மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்ப்பேனே, அப்படித்தான் இப்போது கிடாரை எட்டிப் பார்க்கிறேன். அதனருகே போகும்போதெல்லாம் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைக்கிறேன். உங்கள் விரல் பெரிது. பள்ளத்தில் இன்னும் இடம் இருக்கிறது.